அரிவாள் அணுச் சோகை: நீலகிரியிலிருந்து பரேல் வரை

அரிவாள் என்றதும் தமிழர் நெஞ்சில் கழனியும் கதிரும் அறுவடைக் களிப்பும் தோன்றுதல் இயல்பு. ஆனால் அவ்வுழவர் கருவியின் வடிவத்தையே பெயராகக் கொண்ட நோய் ஒன்றும் உலகில் உண்டு. குருதியில் ஓடும் சிவப்பணுக்கள் தம் வட்ட வடிவத்தை இழந்து, பிறைபோல் வளைந்துவிடுவதால், மருத்துவர் அதற்குச் ‘சிக்கிள் செல் அனீமியா’ என்று பெயரிட்டனர். தமிழில் அதனை அரிவாள் அணுச் சோகை எனலாம்.

சங்கத்தின் ஆண்டு விழா மலரில் ஒரு நோயின் வரலாற்றுக்கு இடம் எதற்கு என்று அன்பர்கள் சிலர் கருதக்கூடும். அதற்குக் காரணம் இரண்டு. இந்நோயின் கூறு இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட இடங்களுள் ஒன்று நம் தாயகமான தமிழகத்தின் நீலகிரி மலை. அதனை ஆராய்ந்து வரும் இந்திய நிலையங்களுள் தலைசிறந்த ஒன்று, நாம் பிழைப்பு நாடி வந்து வாழும் இம்மும்பை மாநகரில் பரேலில் அமைந்துள்ளது. பிறந்த நாட்டையும் புகுந்த நகரத்தையும் இணைக்கும் இவ்வரலாற்றைத் தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் வாழும் தமிழ்க் குடும்பத்தினர் அறிந்திருத்தல் நன்று.

நோயின் இயல்பு

நலமுடைய சிவப்பணு நடுவில் குழிந்த வட்டத் தட்டுப் போன்றது, மென்மையானது. தன்னினும் குறுகிய இரத்தக் குழாயினுள்ளும் நெளிந்து நுழைந்து செல்ல வல்லது. சுமார் 120 நாட்கள் உயிர் வாழ்ந்து, உடலெங்கும் பிராணவாயுவைக் கொண்டு சேர்ப்பது அதன் தொழில். அப்பணியைச் செய்யும் செந்நிறப் பொருளே ஹீமோகுளோபின் ஆகும்.

அரிவாள் அணு நோயாளரிடம் இந்த ஹீமோகுளோபின் சிறிது மாறுபட்டிருக்கிறது. பிராணவாயுவைக் கொடுத்து முடித்தவுடன் அது நீண்ட கம்பிகளாகத் திரண்டு, அணுவை விறைக்கச் செய்து வளைத்துவிடுகிறது. விறைத்த அணுக்கள் நுண்ணிய குழாய்களில் சிக்கி வழியை அடைக்கின்றன. அடைபட்ட இடத்தில் பொறுக்க இயலாத வலி உண்டாகிறது. எலும்பிலும் மூட்டிலும் மார்பிலும் வயிற்றிலும் இவ்வலி எழும். கைக்குழந்தைகளுக்குக் கையும் காலும் வீங்கும். மூளைக்குச் செல்லும் குழாய் அடைபட்டால் பக்கவாதமும் நேரலாம். இவ்வணுக்கள் 10 முதல் 20 நாட்களுக்குள் அழிந்து போவதால் சோகையும் மஞ்சட் காமாலையும் தொடர்கின்றன. மண்ணீரல் இளமையிலேயே பழுதுபடுவதால் கிருமிகளை எதிர்க்கும் ஆற்றலும் குறைகிறது.

இது தொற்று நோய் அன்று. தாய் தந்தையரிடமிருந்து பிறப்பில் வருவது. பெற்றோர் இருவரிடமிருந்தும் மாறுபட்ட மரபணுவைப் பெற்ற குழந்தைக்கே நோய் உண்டாகிறது. ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர் நோய்க் கூற்றைத் தாங்குபவர் ஆவார். அவர் பெரும்பாலும் எக்குறையுமின்றி வாழ்வார். மருந்து எதுவும் வேண்டியதில்லை. கூறு தாங்கும் இருவர் மணம் புரிந்துகொண்டால், ஒவ்வொரு மகப்பேற்றிலும் குழந்தை நோயுடன் பிறக்க நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. கூறு மட்டும் தாங்கிப் பிறக்க இரண்டில் ஒரு பங்கும், முற்றிலும் நலமாகப் பிறக்க நான்கில் ஒரு பங்கும் வாய்ப்பு உண்டு. இக்கணக்கை நினைவிற் கொண்டால் இனி வரும் செய்திகள் எளிதில் விளங்கும்.

உலகம் அறிந்த விதம்

மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றாகிய கிரெனடாவிலிருந்து வால்டர் கிளெமென்ட் நோயல் என்ற இளைஞர் பல் மருத்துவம் பயில 1904 ஆம் ஆண்டில் சிகாகோ நகருக்குச் சென்றார். அங்கு நோயுற்ற அவரது குருதியைப் பரிசோதித்தபோது வளைந்த அணுக்கள் காணப்பட்டன. டாக்டர் ஜேம்ஸ் ஹெரிக் 1910 இல் அச்செய்தியை வெளியிட்டார். கல்வியின் பொருட்டுக் கடல் கடந்து சென்ற ஒருவரின் உடலிலேயே மருத்துவ உலகம் இந்நோயை முதலில் கண்டது. நோயல் தாயகம் திரும்பிச் சில ஆண்டுகள் தொழில் நடத்தி, 1916 இல் காலமானார்.

நோயின் மூலத்தை அறிய மேலும் நாற்பது ஆண்டுகள் ஆயின. 1949 இல் லைனஸ் பாலிங் என்னும் அமெரிக்க வேதியியல் அறிஞரும் அவர்தம் துணைவரும், நோயாளரின் ஹீமோகுளோபின் மின்புலத்தில் வேறு விதமாக நகர்வதைக் காட்டினர். ஒரு நோயின் காரணம் ஒரு மூலக்கூற்றிலேயே அடங்கியிருக்கக்கூடும் என்பது அன்று முதல் தெளிவாயிற்று. அதன்பின் கேம்பிரிட்ஜில் வெர்னான் இங்கிராம் அம்மாறுதலின் இடத்தையே சுட்டிக்காட்டினார். 146 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி ஒன்றில் ஆறாவது இடத்தில் குளூட்டாமிக் அமிலத்திற்குப் பதிலாக வேலின் அமர்ந்திருக்கிறது. இவ்வளவு பெரிய துன்பத்திற்கு இவ்வளவு சிறிய பிழையே காரணம்.

இத்தகைய மரபணு ஏன் அழிந்து போகவில்லை என்னும் வினாவுக்கு 1954 இல் அந்தோணி அலிசன் விடை கண்டார். கூறு தாங்கும் குழந்தைகளைக் கடும் மலேரியா எளிதில் கொல்வதில்லை என்பதை அவர் ஆப்பிரிக்காவில் கண்டறிந்தார். ஆகவே மலேரியா மிகுந்த நாடுகளில் இம்மரபணு தலைமுறை தலைமுறையாக நிலைத்துவிட்டது. ஒரு காலத்தில் குழந்தைகளைக் காத்த கவசமே, இருவரிடமிருந்தும் சேர்ந்து வரும்போது துன்பமாகிறது. இதில் எக்குலத்தாருக்கும் இழிவு ஏதும் இல்லை.

1952 ஆம் ஆண்டு

இந்திய மருத்துவ வரலாற்றில் 1952 ஆம் ஆண்டு குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டில் டன்லப், மஜும்தார் ஆகிய இருவர் மேல் அஸ்ஸாமில் தேயிலைத் தோட்டத் தொழிலாளரிடையே அரிவாள் அணுச் சோகை இருப்பதை எழுதினர். அத்தொழிலாளர் அஸ்ஸாமின் பூர்வ குடிகள் அல்லர். கூலி வேலைக்காகத் தொலைவிலிருந்து கொண்டுவரப்பட்ட பழங்குடியினர். ஊர் விட்டு ஊர் வந்து உழைப்போரின் துயரத்தை அறிந்த நமக்கு இச்செய்தி புதிதாகத் தோன்றாது.

அதே ஆண்டில் ஹெர்மன் லெமன், மேரி கட்புஷ் ஆகிய இருவரும் நீலகிரிப் பகுதிப் பழங்குடிகளிடம் இந்நோய்க் கூறு இருப்பதை வெளியிட்டனர். லெமன் ஜெர்மனியில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறியவர்; உகாண்டாவில் பணியாற்றியபோது அரிவாள் அணுவை நன்கு ஆராய்ந்தவர். ஆப்பிரிக்க மக்களுக்கே உரியது என அதுவரை பலரும் எண்ணியிருந்த கூறு தமிழகத்து மலைச் சாரலிலும் இருப்பது கண்டு அறிஞர் உலகம் வியந்தது.

ஆயினும் ஒன்றை மறைக்காமல் கூறுதல் வேண்டும். அக்காலத்து ஆராய்ச்சியின் நோக்கம் பெரிதும் மானிட இனங்களின் தொடர்பை அறிவதாகவே இருந்தது. எக்குடியில் எத்தனை பேருக்கு இக்கூறு உண்டு, அக்குடி எங்கிருந்து வந்திருக்கும் என்பன போன்ற வினாக்களே முன்னின்றன. இருளர், குறும்பர், பணியர் முதலிய மக்களின் குருதி பரிசோதனைக் குழாய்களில் ஏறிச் சென்றது, கட்டுரைகளும் அச்சாயின. ஆனால் அம்மலையில் இரவெல்லாம் வலியால் துடித்த குழந்தைக்கு அதனால் உடனே ஒரு மருந்தும் வந்து சேரவில்லை. அன்று உலகில் எங்குமே தக்க மருந்து இல்லை என்பது உண்மை. மருந்து உண்டான பின்னரும் அது மலையேறுவதற்கு நெடுங்காலம் ஆயிற்று என்பதும் உண்மையே.

பரேல் தந்த பணி

அதே 1952 இல் நம் மும்பையிலும் ஓர் அரிய கண்டுபிடிப்பு நிகழ்ந்தது. டாக்டர் ஒய். எம். பெண்டேயும் அவருடன் உழைத்தோரும், அதுவரை உலகம் அறியாத இரத்த வகையொன்றை மூவரிடம் கண்டு ‘லான்செட்’ இதழில் வெளியிட்டனர். இன்று அவ்வகை உலகெங்கும் ‘பாம்பே’ இரத்த வகை என்றே வழங்குகிறது. இவ்வகையினர்க்கு எல்லார்க்கும் பொருந்தும் எனப்படும் ‘ஓ’ வகை இரத்தமும் பொருந்தாது. தம் வகையினரிடமிருந்தே பெறுதல் வேண்டும். இந்தியாவில் சுமார் 10,000 பேருக்கு ஒருவர் இவ்வகையினர் என்று மதிப்பிடப்படுகிறது.

இத்தகைய ஆராய்ச்சிகள் வளர்ந்ததன் பயனாக, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் சார்பில் 1957 இல் இரத்த வகை ஆய்வு மையம் இந்நகரில் தோன்றியது. பெண்டேயின் குழுவில் இருந்த டாக்டர் எச். எம். பாட்டியா பின்னர் அதன் இயக்குநராக விளங்கினார். காலப்போக்கில் அம்மையம் தேசிய நோய்த்தடுப்புக் குருதியியல் நிறுவனமாக விரிவடைந்து, பரேல் கே. இ. எம். மருத்துவமனை வளாகத்தில் இயங்கி வருகிறது. மாதுங்காவில் ரயிலேறினால் தாதருக்கு அடுத்த நிலையம் பரேல். அவ்வழியே நாள்தோறும் வேலைக்குச் செல்லும் நம்மவருள் பலர் அக்கட்டடத்தைக் கண்டிருப்பர்; அதன் உள்ளே நடப்பதை அறிந்தோர் சிலரே.

அங்கு அரிவாள் அணு நோயும் தலசீமியா என்னும் மற்றொரு பரம்பரைச் சோகையும் பல்லாண்டுகளாக ஆராயப்பட்டு வருகின்றன. டாக்டர் ரோஷன் கோலா முதலிய ஆராய்ச்சியாளர் மகாராஷ்டிரம், குஜராத் முதலிய பகுதிகளின் பழங்குடி மக்களிடையே இந்நோயின் பரவலையும் தன்மையையும் ஆராய்ந்தனர். பிறந்த குழந்தையின் ஒரு துளிக் குருதியிலிருந்தே நோயை அறிதல், கருவிலேயே கண்டறிதல், பெற்றோருக்கு ஆலோசனை கூறுதல் ஆகிய பணிகளும் வளர்ந்தன. நோய் மிகுந்த சந்திரபூர்ப் பகுதியிலேயே ஆராய்ச்சியும் சிகிச்சையும் நடைபெற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஒரு தனி மையத்தையும் நிறுவியுள்ளது. நோயாளி ஆய்வுக்கூடத்தைத் தேடி வரும் நிலை மாறி, ஆய்வுக்கூடம் நோயாளியின் ஊருக்குச் செல்லும் நிலை இவ்வாறு தோன்றியது.

மருந்து வந்த வழி

சிகிச்சையின் வரலாற்றில் முதற் பெரும் வெற்றி மிக எளிய மருந்தினால் கிடைத்தது. நோயுற்ற குழந்தைகளுக்கு நாள்தோறும் பென்சிலின் கொடுத்து வந்தால், உயிரைக் குடிக்கும் நிமோகாக்கஸ் கிருமித் தொற்று 84 விழுக்காடு குறைகிறது என 1986 இல் அமெரிக்காவில் வெளியான ஆராய்ச்சி காட்டியது. அதனால்தான் நோயைப் பிறந்தவுடன் அறிதல் இன்றியமையாதது. காலத்தில் அறிந்தால், விலை குறைந்த மருந்தாலும் தடுப்பூசியாலும் குழந்தையைக் காக்கலாம்.

இரண்டாவது வெற்றிக்கு வித்திட்டவர் ஜானெட் வாட்சன் என்ற பெண் மருத்துவர். பிறந்த சில மாதங்கள் வரை குழந்தைக்கு இந்நோயின் துன்பம் தோன்றாததை அவர் 1948 இல் எடுத்துரைத்தார். தாயின் வயிற்றில் இருக்கும்போது குழந்தைக்கு உரிய ஹீமோகுளோபின் வேறு வகையானது; அது நிறைந்திருக்கும் வரை அணுக்கள் எளிதில் வளைவதில்லை. அவ்வகையை மீண்டும் பெருகச் செய்யும் மருந்து கிடைத்தால் நோய் தணியும் அன்றோ? அம்மருந்தாக அமைந்தது ஹைட்ராக்ஸியூரியா. இரத்தப் புற்றுநோய்க்கு வழங்கப்பட்டு வந்த இம்மருந்தை 299 நோயாளரிடம் ஆராய்ந்தபோது, வலி வந்து வருந்தும் முறைகள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. பயன் தெளிவாகத் தெரிந்தமையால் 1995 இல் அவ்வாராய்ச்சி குறித்த காலத்திற்கு முன்பே முடிக்கப்பட்டது. 1998 இல் அமெரிக்க அரசு இச்சிகிச்சைக்கு ஒப்புதல் அளித்தது.

இந்தியாவின் பங்கும் இதில் சிறிதன்று. ஒடிசாவின் புர்லா மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த டாக்டர் பி. சி. கரும், ஜமைக்காவில் இந்நோயை ஆராய்ந்த கிரகாம் செர்ஜியன்ட் முதலியோரும் இந்திய நோயாளரிடம் குழந்தைப் பருவ ஹீமோகுளோபின் மிகுந்திருப்பதை 1986 இல் எடுத்துக்காட்டினர். அதனால் இந்தியாவில் இந்நோய் மென்மையானது என்ற எண்ணம் பரவியது. ஆனால் நாக்பூரிலும் பிற இடங்களிலும் கண்ட குழந்தைகளின் துன்பம் அவ்வெண்ணம் முழு உண்மை அன்று என்பதைக் காட்டியது. நாக்பூர் அரசு மருத்துவக் கல்லூரியின் டாக்டர் தீப்தி ஜெயின் முதலியோர், உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 10 மில்லிகிராம் என்னும் குறைந்த அளவிலேயே ஹைட்ராக்ஸியூரியா நம் நாட்டுக் குழந்தைகளுக்குப் பெரும்பயன் தருவதை மெய்ப்பித்தனர். அளவு குறைந்தால் செலவும் குறையும். ஏழைக் குடும்பம் நீண்ட காலம் தொடரவும் இயலும். ஆயினும் இம்மருந்தை மருத்துவரின் மேற்பார்வையிலும், அவ்வப்போது இரத்தப் பரிசோதனை செய்துகொண்டுமே உண்ணல் வேண்டும். கருவுற்றிருக்கும் காலத்திலும், கருவுற எண்ணும் காலத்திலும் மருத்துவரைக் கேளாமல் உண்ணலாகாது.

மலைக்குத் திரும்பிய மருத்துவம்

இனி மீண்டும் நீலகிரிக்குச் செல்வோம். 1958 இல் கோத்தகிரியில் டாக்டர் எஸ். நரசிம்மன் நீலகிரி ஆதிவாசிகள் நலச் சங்கத்தைத் தோற்றுவித்துப் பழங்குடி மக்களுக்கு மருத்துவ உதவி செய்யத் தொடங்கினார். பின்னர் 1990 இல் கூடலூரில் ‘அஸ்வினி’ என்னும் அமைப்பின் சார்பில் ஆதிவாசி மருத்துவமனை உருவாயிற்று. டாக்டர் நந்தகுமார் மேனனும் டாக்டர் ஷைலா தேவியும் வெளிநாட்டு வாழ்வை விடுத்து அங்கு வந்து பணிபுரிந்தனர். பணியர், காட்டு நாயக்கர், பெட்டக் குறும்பர் முதலிய குடிகளைச் சேர்ந்த பெண்களே அங்குச் செவிலியராகப் பயிற்சி பெற்றனர். தம் மொழி பேசுபவரே ஊசியும் மருந்தும் தந்தமையால் மக்களின் அச்சம் நீங்கியது. அரிவாள் அணு நோயாளரைக் கண்டறிந்து, அவரது பெயரைப் பதிந்து, மாதந்தோறும் மருந்தும் ஆலோசனையும் தரும் பணி அங்கே வேரூன்றியது.

1952 இல் வந்தவர் குருதியை எடுத்துக்கொண்டு மலையிறங்கினர். பின்னர் வந்தவர் மலையிலேயே தங்கினர். ஆராய்ச்சியும் பராமரிப்பும் ஒன்றுகூடினால்தான் நோயாளியின் வீட்டில் விளக்கெரியும் என்பதற்கு இவ்வரலாறே சான்று.

புதிய சிகிச்சைகளும் அரசின் முயற்சியும்

நோயை அடியோடு நீக்கும் வழியாக எலும்பு மஜ்ஜை மாற்றும் சிகிச்சை உள்ளது. பொருந்தும் உடன்பிறந்தார் ஒருவர் இருத்தல் அதற்குப் பெரிதும் உதவும். இந்தியாவில் இச்சிகிச்சை முறை 1983 இல் நம் பரேல் டாட்டா நினைவு மருத்துவமனையிலும், 1986 இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் காலூன்றியது. 2023 ஆம் ஆண்டின் இறுதியில் நோயாளியின் சொந்த மரபணுவைத் திருத்தும் சிகிச்சைக்குப் பிரிட்டனும் அமெரிக்காவும் ஒப்புதல் அளித்தன. அமெரிக்காவில் அதற்குக் குறித்த விலை ஒருவருக்கு 22 இலட்சம் டாலர்! விஞ்ஞானத்தின் வெற்றியைப் போற்றுவோம். ஆனால் கூடலூர்ச் சிற்றூரின் எளியவர்க்கு இன்று உயிர்த்துணையாவன மாத்திரையும் தடுப்பூசியும் தண்ணீரும் தக்க கவனிப்புமே.

இந்திய அரசு 2023 ஜூலை 1 ஆம் நாள் மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் அரிவாள் அணுச் சோகை ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கியது. நாற்பது வயது வரையுள்ள 7 கோடி மக்களைப் பரிசோதிப்பதும், 2047 ஆம் ஆண்டிற்குள் இந்நோயை ஒழிப்பதும் அதன் குறிக்கோள். பரிசோதனை முடிவைத் தெரிவிக்கும் அட்டையும் மக்களுக்கு வழங்கப்படுகிறது. அவ்வட்டை மணம் பேசும்போது வழிகாட்டியாக வேண்டும். ஒருவரை ஒதுக்கும் முத்திரையாகிவிடலாகாது.

நாம் செய்யத்தக்கவை

இந்நோய் மலைவாழ் மக்களுடையது, நமக்கென்ன என்று இருந்துவிடுதல் தகாது. மும்பை பல நாட்டு மக்கள் கலந்து வாழும் நகரம். விதர்ப்பத்திலிருந்தும் குஜராத்திலிருந்தும் வந்தோர் நம் அண்டை வீட்டார். நம் பிள்ளைகளின் வாழ்க்கைத் துணைவரும் ஆகின்றனர். அரிவாள் அணுக் கூறு உடைய ஒருவரும் தலசீமியாக் கூறு உடைய ஒருவரும் மணந்தால், பிறக்கும் குழந்தைக்கு அரிவாள் அணு நோயைப் போன்றதொரு துன்பம் வர இடமுண்டு. ஆதலின் திருமணத்திற்கு முன் ஓர் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது அறிவுடைமை. ஜாதகப் பொருத்தம் பார்ப்பதற்கு நாம் செலவிடும் நேரத்தில் சிறு பகுதி இதற்குப் போதும்.

நோய்க் கூறு இருப்பதாக அறிந்தால் அதனை மறைக்கவும் வேண்டா; பெண்ணையோ பிள்ளையையோ பழிக்கவும் வேண்டா. குழந்தை நோயுடன் பிறந்தால் தாயைக் குறை கூறும் வழக்கம் சில இல்லங்களில் இன்னும் இருக்கிறது. பெற்றோர் இருவரிடமிருந்தும் வந்தாலன்றி இந்நோய் உண்டாகாது என்பதை மாமியாரும் மாமனாரும் உணர்தல் வேண்டும். நோயுற்ற பிள்ளை பள்ளி செல்லலாம், தொழில் கற்கலாம், மருத்துவரின் துணையோடு இல்லறமும் நடத்தலாம். மிகுதியாகத் தண்ணீர் பருகுதல், கடுங்குளிரையும் அளவு கடந்த களைப்பையும் தவிர்த்தல், காய்ச்சல் கண்டவுடன் மருத்துவரிடம் செல்லுதல் ஆகியவை அப்பிள்ளைக்குப் பெரிதும் துணை செய்யும்.

இந்நோயாளருக்குப் பல வேளைகளில் பிறர் இரத்தம் தேவைப்படுகிறது. ஆண்டு விழாவில் ஆடலும் பாடலும் நடத்தும் நம் சங்கம், ஆண்டிற்கு ஒருமுறை குருதிக் கொடை முகாமும் நடத்துமாயின் அது தக்கதோர் அறமாகும். நீலகிரியின் மக்களும் நம் உடன்பிறந்தாரே. அவர்தம் குருதி உலகிற்கு அறிவைத் தந்தது. அக்கடனில் ஒரு சிறு பங்கையேனும் நம் குருதியால் அடைப்போமாக.